லாங் பஜார் டிடிபி கடை மின்னூல்: பூட்டு இல்லை, பெயர் உண்டு

வேலூர் லாங் பஜார் பக்கத்து டிடிபி கடை ஒன்று சிறு பதிப்பகங்களுக்கு மின்னூல் செய்துதருகிறது. பழைய பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்பை யூனிகோட் எழுத்தில் ஈபப் என்ற மின்னூல் கோப்பாக்கி, விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் வாங்கியவர் பெயரையும் ஆர்டர் எண்ணையும் பதிக்கிறார்கள். நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டு கிடையாது. சரியான முடிவுதான்: பூட்டை உடைக்க ஊருக்கு ஒருவர் போதும், காசு கொடுத்தவர்தான் போன் மாற்றும்போது அல்லாடுவார். அமெரிக்காவின் டோர் (Tor) பதிப்பகம் 2012-லேயே பூட்டைக் கைவிட்டது.

குறை, பெயரும் எண்ணும் பதிக்கும் இந்த முத்திரையில் இருக்கிறது. அட்டைக்கு அடுத்த பக்கத்தில் மட்டும் பெயர். ஈபப் வெறும் ஜிப் கோப்பு. காலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் திறந்து அந்தப் பக்கத்தை அழித்தால் தடயம் போச்சு. அத்தியாய முடிவுகளிலும், சிஎஸ்எஸ் (பக்கத் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு), படக் கோப்புகளுக்குள்ளும் ஆர்டர் எண்ணைப் பதிக்கச் சொல்லுங்கள். செல்போன் எண் மட்டும் வேண்டாம். கோப்பு கசிந்தால் வாசகர் மாட்டிக்கொள்வார்.

யூனிகோடுக்கு எழுத்துரு மாற்றம் பரவாயில்லை. ஆனால் சில இடங்களில் 'ஔ' 'ஒள' ஆகியிருக்கும், துணைக்கால் 'ர' ஆகியிருக்கும். மெய்ப்புப் பார்க்காமல் வெளியிடாதீர்கள்.

டெலிகிராமில் சுற்றும் பிடிஎஃப்கள் பல அச்சுப் புத்தகத்தின் ஸ்கேன். அதற்கு முத்திரை உதவாது. அச்சு நூலோடு அதே நாளில் மலிவாக மின்னூலையும் விடுவதே வழி. திருட்டுப் பிரதியை நீக்கச் சொல்லி டெலிகிராமுக்கு அனுப்ப கடை எழுதித்தரும் நீக்கல் கடிதம் உருப்படியானது. ஆனால் சேனல் பெயரை மட்டும் போடுகிறார்கள். ஒவ்வொரு இணைப்பின் முழு முகவரியும் உரிமை ஆதாரமும் வேண்டும். பதிப்புரிமை விதி 75-இன்படி, புகார் கிடைத்த 36 மணி நேரத்தில் தளம் அந்த இணைப்பை முடக்க வேண்டும். 21 நாளுக்குள் புகார் தந்தவர் நீதிமன்ற உத்தரவு காட்டாவிட்டால் தளம் மறுபடி திறந்துவிடலாம்.