வேலூர்க் கோட்டை: மதிலிலிருந்து தொடங்குங்கள்

வேலூருக்கு மருத்துவத்திற்காகவோ ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்காகவோ வருபவர்கள், மீதமிருக்கும் ஒரு மணி நேரத்தில் கோட்டைக்குள் நுழைந்து, ஜலகண்டேஸ்வரரை வணங்கிவிட்டுத் திரும்பிவிடுவதே வழக்கமாக இருக்கிறது. கோயில் காண வேண்டியதுதான். ஆயினும் இக்கோட்டையின் தனிச்சிறப்பு மதிலிலும் அகழியிலும் இருப்பதால், பார்வையை அங்கிருந்து தொடங்குவதே முறை என்பேன்.

விஜயநகர ஆட்சிக்கு உட்பட்டிருந்த சின்ன பொம்மி நாயக்கர் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இக்கோட்டை ஏறத்தாழ 133 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. கருங்கல்லால் ஆன உயர்ந்த மதில், அதற்கு முன்னே தாழ்ந்த வெளிமதில், அதையும் சூழ்ந்த அகழி என்ற அடுக்கை மேலிருந்து பார்க்கும்போதுதான், நீரைக் கடந்து வெளிமதிலில் ஏறிவிட்ட பகைவனும் உள்மதிலில் நிற்பவர்களின் குறிக்கு நேராகவே வந்து நிற்பான் என்பது விளங்குகிறது. ஆங்காங்கே முன்தள்ளி நிற்கும் கொத்தளங்கள், மதிலின் அடியை ஒட்டிப் பதுங்குபவனையும் பக்கவாட்டிலிருந்து தாக்குவதற்காக அமைந்தவை.

வாயிலுக்கு மேலுள்ள பகுதியைக் காணும்போது 1806 ஜூலை 10ஆம் நாளை நினைவிற்கொள்ள வேண்டும். புதிய தலைப்பாகையையும், தாடிக்கும் நெற்றிக்குறிக்கும் விதிக்கப்பட்ட தடையையும் எதிர்த்து ஆங்கிலேயர் படையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் விடியலுக்கு முன்பே கோட்டையைக் கைப்பற்றிவிட, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி மதிலின் மேல் கயிற்றால் தூக்கப்பட்டார். வாயிற்கதவைப் பீரங்கியால் தகர்த்த பிறகே அவருடைய படை உள்ளே புக முடிந்தது. இந்தச் செய்தியை அறிந்து செல்பவருக்கு அவ்வாயில் வேறாகத் தெரியும்.

கோயிலில் கல்யாண மண்டபத்திற்குப் போதிய நேரம் ஒதுக்குங்கள். யாளிகளும் குதிரைவீரர்களும் பாயும் தூண்களைப் பார்த்தபின் தலையை உயர்த்தி விதானத்துக் கிளிகளையும் பார்க்க வேண்டும். பலர் அவற்றைத் தவறவிடுகிறார்கள். இம்மண்டபத்தையே ஆங்கிலேயர் படைக்கலச் சாலையாக்கினர் என்பது வியப்பளிக்கிறது. ‘சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு’ என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். 1981இல் லிங்கம் மீண்டும் நிறுவப்பட்டதால் முதற்குறை தீர்ந்தது. பாலாற்றைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

குறைகளும் உண்டு. மதில்மேல் நிழல் இல்லை; வேலூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் கருங்கல் காலைச் சுடும். அகழியில் பார்வையாளர்கள் எறியும் நெகிழிப் பைகள் கண்ணை உறுத்துகின்றன. எனவே காலையில் மதில், பிறகு கோயில், வெயில் ஏறியபின் அருங்காட்சியகம் என்ற வரிசை பொருத்தமானது. அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அந்நாளைத் தவிர்ப்பது நல்லது.