குரோன் நோயாளியின் கண்ணுக்கு எந்தச் சொட்டு மருந்து?

"கண் எரியுது, சொட்டு மருந்து குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் மூன்று வகையில் ஏதாவது ஒன்று கைக்கு வரும். கண்ணீரைப் போல ஈரம் தருவது ஒன்று, சிவப்பை மறைப்பது ஒன்று, ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டு கலந்தது இன்னொன்று. குரோன் நோய் (குடலில் நாள்பட்ட அழற்சி) உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் வாங்கக்கூடியது முதல் வகை மட்டும்தான். அதிலும் வறட்சிக்கு மட்டும். மணல் விழுந்தாற்போல் உறுத்தல், சாயங்காலம் ஆக ஆக எரிச்சல், கண் சிமிட்டினால் தெளிகிற மங்கல் என்றால் வறட்சியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்த முதல் வகையில் மூன்று மருந்துகளைப் பார்ப்போம். ரெஃப்ரெஷ் டியர்ஸில் இருப்பது கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் 0.5%. அவ்வளவாகக் கெட்டி இல்லை, அதனால் பார்வை அதிகம் மங்காது. வேலைக்கு நடுவே போட்டுக்கொள்ளலாம். சீக்கிரம் வடிந்துவிடுவதுதான் குறை. மருந்து கெடாமலிருக்க இதில் சேர்க்கும் பியூரைட், வெளிச்சம் பட்டதும் உப்பு, நீர், ஆக்சிஜன் என்று பிரிந்துவிடும். விலை குறைந்த பாட்டில்கள் பலவற்றில் இதே வேலைக்குப் பென்சல்கோனியம் குளோரைடு இருக்கும். அது கருவிழியின் மேல்படல செல்களைப் புண்ணாக்கும், கண்ணீரின் எண்ணெய்ப் படலத்தைக் குலைக்கும். நாளுக்கு ஓரிரு முறை போடுகிறவர்களில் பலருக்கு ஒன்றும் ஆகாது. நான்கு முறைக்கு மேல் தேவைப்படுகிறவருக்கோ, வறட்சிக்குப் போடும் மருந்தே வறட்சியைக் கூட்டும். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் கெடாமலிருக்க எது சேர்த்திருக்கிறது என்று லேபிளில் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சிஸ்டேன் அல்ட்ராவில் பாலிஎதிலீன் கிளைகால் 0.4%, புரொப்பிலீன் கிளைகால் 0.3%. கூடவே இருக்கும் ஒருவகை கொத்தவரைப் பிசின் கண்ணீரோடு சேர்ந்ததும் லேசாகக் கூழாகும். அதனால் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும்; போட்டவுடன் பார்வை சற்று மங்கவும் செய்யும். வண்டி ஓட்டக் கிளம்பும்போது போடாதீர்கள்.

இந்த மூன்றில் நமக்குப் பிடித்தது ஹைலோ-கோமோட். ஐரோப்பாவிலும் கனடாவிலும் பரவலாகக் கிடைக்கிறது. சோடியம் ஹையலுரோனேட் 0.1%, கெடாமல் காக்கும் ரசாயனம் எதுவும் இல்லை. 10 மி.லி. பாட்டில், திறந்தபின் ஆறு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். வெளிக்காற்று உள்ளே போகாத பம்ப் அமைப்பால்தான் இது முடிகிறது. புது பாட்டிலில் முதலில் சொட்டு வராது. தலைகீழாகப் பிடித்து அடிப்பாகத்தைப் பல முறை அழுத்தியபிறகே வரத் தொடங்கும். சிக்கலும் அந்த அழுத்தத்தில்தான். குரோனோடு மூட்டு வீக்கமும் உள்ள பலருக்குக் கட்டைவிரலால் அவ்வளவு பலமாக அழுத்த வராது. விலையும் கூடுதல். பம்ப் ஒத்துவராதவர்கள் ரசாயனம் சேர்க்காத ஒற்றைப் பயன்பாட்டுக் குப்பிகளை வாங்கலாம்; திறந்த குப்பியை மறுநாளுக்கு வைக்கக் கூடாது.

எந்த மருந்தானாலும் ஒரு சொட்டு போதும். கண்ணுக்குள் சுமார் 30 மைக்ரோலிட்டர்தான் நிற்கும், ஒரு சொட்டே அதற்குமேல் இருக்கும். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான். வேறு மருந்தும் போட வேண்டுமென்றால் ஐந்து நிமிடம் விடுங்கள், களிம்பு கடைசியில்.

சிறுகுடலின் கடைப்பகுதியை வெட்டி எடுத்தவர்கள், பித்த அமிலத்தைக் கட்டிப்போடும் கொலஸ்டிரமின் சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாவிட்டால் வைட்டமின் ஏ குறையும். கண் வறளும், இருட்டில் தடுமாறும். அந்த மாலைக்கண்ணுக்கு எந்தச் சொட்டும் பயன்படாது, ரத்தப் பரிசோதனைதான் வழி. அதிக அளவு வைட்டமின் ஏ மாத்திரையைத் தானாக விழுங்குவது கல்லீரலுக்கு ஆகாது, கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது.

சிவப்பை மறைக்கும் பாட்டில்களுக்கு மதிப்பெண் பூஜ்யம். நாஃபசோலின் போன்றவை ரத்தக்குழாயைச் சுருக்குகின்றன, அவ்வளவே. மருந்தின் வேகம் குறைந்ததும் சிவப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பும். அதைவிட மோசம், குரோனில் சிவப்புதான் முக்கியத் தடயம். கண் வெள்ளையில் ஒரு பக்கம் மட்டும் சிவந்து லேசாக வலித்தால் எபிஸ்கிளரைட்டிஸாக (கண் வெள்ளையின் மேல்படல அழற்சி) இருக்கலாம். பெரும்பாலும் குடல் நோய் கிளம்பும்போது வந்து, அது அடங்கும்போது தணியும். கருவிழியைச் சுற்றிச் சிவப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், மங்கல், உள்ளே வலி என்றால் யூவியைட்டிஸை (கண்ணின் உட்படல அழற்சி) சந்தேகிக்க வேண்டும். இது குடலோடு சேர்ந்துதான் வர வேண்டும் என்றில்லை. வயிறு அமைதியாக இருக்கும்போதும் வரும். தூக்கத்தைக் கலைக்கும் ஆழ்ந்த வலி ஸ்கிளரைட்டிஸாக (கண் வெள்ளையின் ஆழமான அழற்சி) இருக்கலாம். இந்த இரண்டு சந்தேகத்துக்கும் அன்றே ஸ்லிட் லாம்ப் பரிசோதனை (கண் டாக்டர் கண்ணைப் பெரிதாக்கிப் பார்ப்பது) வேண்டும். கண்ணாடிக் கடை பவர் பரிசோதனை போதாது. வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் விழுங்காதீர்கள், குடலைக் கிளப்பிவிடக்கூடும். டாக்டரைப் பார்க்கும்வரை பாராசிட்டமால் போதும்.

யூவியைட்டிஸுக்கு வழக்கமாகக் கொடுப்பதும் ஸ்டீராய்டுதானே, கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலவையைப் போட்டால் என்ன என்று கேட்கலாம். சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் கிருமியாக இருந்தால் ஸ்டீராய்டு கருவிழியைக் குழிப்புண்ணாக்கிவிடும்; அசாதியோபிரின் போன்ற எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு அந்த அபாயம் கூடுதல். வாரக்கணக்கில் போட்டால் கண்ணழுத்தம் ஏறும், அது வலிக்காமலே ஏறும். டாக்டர் எழுதித் தரும் பிரெட்னிசோலோன் அசிட்டேட் 1% கூட அழுத்தத்தை அளந்து பார்த்துக்கொண்டே, படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து. அது அடியில் படிவது. ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்காவிட்டால் முதல் வாரம் தண்ணீரும் கடைசி வாரம் மருந்துமாக விழும். போன தடவை மிச்சமான பாட்டிலை ஃபிரிட்ஜில் சேமித்து வைக்காதீர்கள்.