ஆன்லைன் டெக் டாக்: சாட்டா, ஸ்லைடோவா, பிரேக்அவுட் ரூமா?

மதுரைப் பக்கம் ஆன்லைனில் டெக் டாக் (தொழில்நுட்ப உரை) கேட்க வருபவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். திருமங்கலத்திலோ மேலூரிலோ வீட்டில் உட்கார்ந்து போனில்தான் பார்ப்பார்கள். மைக் மியூட், கேமரா ஆஃப். "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றால் சத்தமே வராது. கேட்பவர்களைப் பதில் சொல்ல வைக்க எந்த வழி சரி என்பதை இவர்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.

யூடியூப் லைவில் எத்தனை பேரும் வரலாம். ஆனால் தாமதத்தை எவ்வளவு குறைத்து வைத்தாலும் படம் சில நொடி பின்னால்தான் போகும். அவர்கள் பதிலை டைப் செய்து முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த ஸ்லைடில் இருப்பீர்கள். ஜூமில் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. இலவசக் கணக்கில் 40 நிமிடம், 100 பேர் என்ற வரம்புதான். கேள்வி பதில் வேண்டுமென்றால் ஜூம்.

கேள்வி வாங்கும் ஆன்லைன் தளமான ஸ்லைடோவில் பெயர் போடாமல் கேள்வி அனுப்பலாம், பிடித்த கேள்விக்கு மற்றவர்கள் ஓட்டுப் போடலாம். கூச்சக்காரர்களுக்கு நல்ல வசதி. ஆனால் ஸ்லைடில் க்யூஆர் கோடைக் காட்டி "ஸ்கேன் பண்ணுங்க" என்பவர்களை என்ன சொல்ல? பார்ப்பதே போனில், அப்புறம் எதை வைத்து ஸ்கேன் செய்வது! லிங்க்கைச் சாட்டில் போடுங்கள்.

கஹூட் என்ற வினாடி வினா ஆப் கலகலப்புத்தான். வேகமாகத் தட்டியவருக்கே அதிகப் புள்ளி என்பதால், யோசிப்பவர் பின்தங்கிவிடுவார். கடைசியில் கொஞ்ச நேரம் விளையாடச் சரி.

என் ஓட்டு சாதாரண சாட்டுக்குத்தான். செலவில்லை, வேறு ஆப்புக்குத் தாவ வேண்டாம். ஒரே சிக்கல், முதல் ஆள் பதில் போட்டதும் மற்றவர்கள் அதையே போடுவார்கள். அதனால் "எல்லாரும் டைப் பண்ணி வைங்க, நான் சொன்னதும் அனுப்புங்க" என்று சொல்லுங்கள். பைத்தான் நிரல் மொழியில் 0.1 + 0.2 == 0.3 என்பது ட்ரூவா, ஃபால்ஸா என்று கேட்டுப் பாருங்கள். ட்ரூ என்று நிறையப் பேர் அடிப்பார்கள். ஓட்டிக் காட்டினால் ஃபால்ஸ். 0.1ஐ பைனரியில் (கணினி பயன்படுத்தும், 0, 1 மட்டுமே உள்ள எண்முறையில்) துல்லியமாக எழுத முடியாது என்ற விளக்கத்தை அப்போதுதான் காது கொடுத்துக் கேட்பார்கள், ஏற்கெனவே ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டார்களே. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊரில் இது எடுபடாமல் போகாது. சாட்டைப் படித்துச் சொல்ல மட்டும் தனியாக ஓர் ஆள் வேண்டும்.

கூட்டத்தைச் சிறு குழுக்களாகப் பிரித்து விடும் பிரேக்அவுட் ரூம்? நான்கு பேரை ஓர் அறையில் விட்டால் நான்கு பேரும் மியூட்டில் இருப்பார்கள். அறைக்கு ஓர் உதவியாளரும் கையில் ஒரு கோலாப் நோட்புக்கும் (கோட் எழுதி ஓட்டிப் பார்க்கும் கூகுள் பக்கம்) இருந்தால்தான் வேலை நடக்கும். கோலாப் பிரௌசரிலேயே ஓடும், இன்ஸ்டால் செய்யும் வேலை இல்லை. ஆனால் போனில் கோட் அடிப்பது கொடுமை. லேப்டாப் உள்ளவர்களை மட்டும் கூப்பிட்டு இதைத் தனிப் பயிலரங்காக வைத்துக்கொள்ளலாம்.