லேப்டாப்பில் ஆறாயிரம், வீட்டு லைனில் அறுபது

"அண்ணே, நேத்து விநாடிக்கு ஆறாயிரம் கோரிக்கைக்குப் பதில் வந்துச்சு. இன்னிக்கு அறுபத்திரண்டுதான் வருது. சர்வர்காரன் ஏமாத்திட்டானா?"

மலேசியாவில், சுங்கை சிப்புட் மாமாக் கடையில், தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் தம்பி கேட்டது இது. பக்கத்துத் தோட்டத்துப் பையன். இப்போது வீட்டிலிருந்தே நிரல் எழுதிப் பிழைக்கிறான். தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள் நடத்தும் விருந்துக்கு டிக்கெட் பதிவுத் தளம் கட்டிக்கொடுத்திருந்தான். 80 மேசை, மேசைக்குப் பத்துப் பேர். இரவு எட்டு மணிக்குப் பதிவு திறந்ததும் எல்லாரும் ஒன்றாக நுழைவார்கள் என்று பயந்து லோட் டெஸ்ட், அதாவது போலிக் கூட்டத்தை அனுப்பிப் பார்க்கும் சோதனை, ஓட்டியிருக்கிறான். சோதனைக் கருவி ஜேமீட்டர், 50 போலிப் பயனர்கள், இரண்டு நாளும் அதே ஸ்கிரிப்ட். முதல் நாள் சர்வரும் ஜேமீட்டரும் அவன் லேப்டாப்பிலேயே. மறுநாள் சர்வர் சிங்கப்பூரில், ஜேமீட்டர் வீட்டில். வித்தியாசம் நூறு மடங்கு.

யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் இரண்டு எண்ணுமே சர்வரின் திறன் அல்ல.

லேப்டாப் எண்ணை முதலில் பார்ப்போம். ஒரே கணினிக்குள் நடக்கும் போக்குவரத்து லூப்பேக் வழியாகப் போகிறது. வயரையே தொடுவதில்லை, இயங்குதளத்தின் மையமான கெர்னல் நினைவகத்தில் இங்கிருந்து அங்கே நகலெடுத்துக் கொடுத்துவிடும். போய்வர ஒரு மில்லிவிநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. தம்பியின் முகப்புப் பக்கம் விருந்துப் போஸ்டரோடு சேர்த்து 200 கேபி. விநாடிக்கு 6,200 தடவை என்றால் 1.24 ஜிபி, அதாவது கிட்டத்தட்ட 10 ஜிகாபிட். எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் அப்படி ஒரு லைன் கிடையாது.

அப்புறம் சிபியு பங்கு. சோதிப்பவனும் சோதிக்கப்படுபவனும் ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்கள். பயனர்களை 50லிருந்து 500 ஆக்கினால் எண் ஏறாமல் இறங்கியது. சர்வர் திணறியதால் அல்ல, பயனருக்கு ஒன்றாக ஓடும் ஜேமீட்டரின் த்ரெட்கள் சிபியுவின் கோர்களைப் பிடுங்கிக்கொண்டதால். அதுவும் வரைகலைச் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறான். அந்தச் சாளரம் ஸ்கிரிப்ட் எழுதத்தான், சுமை ஏற்றுவதைக் கட்டளை வரியில் செய்யுங்கள் என்று ஜேமீட்டரே சொல்கிறது. தகரக்கூரை வீட்டில் மதியம் ஓட்டினால் இன்னொரு கூத்து: சூடேறியதும் லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரவு எண் ஒன்று, பகல் எண் ஒன்று.

சரி, வீட்டு லைன் எண்ணுக்கு வருவோம். "உன் திட்டம் எவ்வளவு தம்பி?" என்றேன். 100 மெகாபிட். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 12.5 எம்பி. அதை 200 கேபியால் வகுத்தால் 62.5. கடைப் பில்லின் பின்பக்கம் கணக்கு முடிந்ததும் தம்பி சிரித்துவிட்டான். அவன் அளந்தது வீட்டு லைனை. சிங்கப்பூர் சர்வர் அரைத்தூக்கத்தில் இருந்திருக்கும்.

போஸ்டரைத் தூக்கிவிட்டு, இருக்கை காலியா என்று கேட்கும் 2 கேபி பதிலை மட்டும் சோதிக்கச் சொன்னேன். இப்போது 1,500 வந்தது. லைன் நிறையவில்லை, சர்வர் சிபியுவும் பாதிகூட நிறையவில்லை. பின் எது தடுத்தது?

தோட்டத்துப் பிள்ளைக்குச் செம்பனை ஆலையை வைத்தே சொன்னேன். ஆலை மணிக்கு 40 டன் குலை அரைக்கும் என்று வை. உன்னிடம் பத்து டன் லோரி ஐந்து. போய்வர அரை மணி என்றால் மணிக்கு 100 டன் கொண்டுவந்து கொட்டலாம். எடை மேடையில் வரிசை நிற்கும், ஆலையின் முழுத் திறன் தெரியும். போய்வர இரண்டரை மணி என்றால் மணிக்கு 20 டன்தான் வரும். ஆலை பாதி நேரம் சும்மா இருக்கும். அதைப் பார்த்து ஆலை சின்னது என்று சொல்வாயா?

50 பயனர்கள் என்பது 50 லோரி. ஒருவர் பதில் வந்தபிறகுதான் அடுத்ததைக் கேட்பார். ஒரே நேரத்தில் ஓடுபவர் எண்ணிக்கையை ஒரு சுற்றின் நேரத்தால் வகுத்தால் த்ரூபுட், அதாவது விநாடிக்கு முடியும் கோரிக்கைகள். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இது. சர்வர் எடுத்துக்கொண்டது 8 மில்லிவிநாடி, சிங்கப்பூர் போய்வர 25, மொத்தம் 33. ஐம்பதை 0.033ஆல் வகுத்தால் 1,515. நேர்க்கோட்டில் சிங்கப்பூர் இங்கிருந்து சுமார் 500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் போகும். ஆகவே போய்வர 5 மில்லிவிநாடிக்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. மீதி 20 மில்லிவிநாடி, வழியிலுள்ள ரவுட்டர்களும் சுற்றுப்பாதைகளும் தின்பது.

லேப்டாப்பில் வெறும் எச்டிடிபி, சர்வரில் குறியாக்கம் சேர்ந்த எச்டிடிபிஎஸ் என்பதையும் அவன் கவனிக்கவில்லை. இணைப்பைத் திறந்தே வைத்து மறுபடி பயன்படுத்தாவிட்டால், இணைப்பைத் தொடங்கும் டிசிபிக்கு ஒரு சுற்று, குறியாக்கத்தை ஏற்படுத்தும் டிஎல்எஸ் 1.3க்கு ஒரு சுற்று, கோரிக்கைக்கு ஒரு சுற்று. 25 என்பது 75 ஆகிவிடும், 1,515 என்பது 600 ஆகிவிடும். அந்த 600ஐத் தொடும் முன்பே இன்னொரு சுவர். லினக்ஸ் இயங்குதளம் வெளியே போகும் இணைப்புகளுக்கு ஒதுக்கும் போர்ட்கள், அதாவது வாசல் எண்கள், 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232. இணைப்பை முதலில் மூடுவது நம் பக்கம் என்றால், மூடிய போர்ட் 60 விநாடி காத்திருக்கும். வகுத்தால் ஒரே சர்வர் முகவரிக்கு விநாடிக்கு 470 புது இணைப்பு. லூப்பேக்கில் மட்டும் புதிய லினக்ஸ் இந்த விதியைத் தளர்த்திவிடுகிறது. அதனால் லேப்டாப்பில் இந்தச் சுவர் கண்ணிலேயே படாது.

பயனர்களை 200 ஆக்கினால் தூரத்தை ஈடுகட்டலாமே என்றான். காகிதத்தில் 6,000 வரும். ஆனால் 2 கேபி வீதம் அது 12 எம்பி. மறுபடியும் லைன் விளிம்பு. வீட்டு ரவுட்டரின் இணைப்பு அட்டவணையும் அதற்குள் மூச்சு முட்டிவிடும். சர்வரின் திறனை வீட்டிலிருந்து அளப்பது வீண் வேலை என்பதுதான் என் கட்சி.

மூன்றாவது வழி இருக்கிறது: சர்வர் இருக்கும் அதே வட்டாரத்தில் இன்னொரு கணினியை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து அங்கிருந்து அடிப்பது. சிறியதொன்றின் வாடகை ஒரு தே தாரிக் விலைக்குள் முடிந்துவிடும். மிக மலிவான வகைகளை மட்டும் தவிர்க்கணும். சும்மா இருந்தபோது சேர்த்துவைத்த சிபியு நேரம் தீர்ந்ததும் அவை படுத்துவிடும். அங்கே போய்வர 1 மில்லிவிநாடி. 50 பயனர்களுக்கு 3,400 வந்தது, 100 ஆக்கினாலும் அதே 3,400. பதில் நேரம்தான் 15லிருந்து 29 ஆனது, சர்வர் சிபியுவும் முழுதாக நிறைந்துவிட்டது. எடை மேடையில் வரிசை நிற்பது இப்படித்தான் தெரியும்.

லேப்டாப் சோதனையை நான் தூக்கிப்போடச் சொல்லவில்லை. தரவுத்தளத்தைக் கேட்கும் ஒரு குவரியைத் திருத்தியபின் வேகம் கூடியதா என்று பார்க்க அதைவிட வசதி கிடையாது. முன்னும் பின்னும் ஒரே லேப்டாப்பில், ஒரே வேளையில் ஓட்டினால் போதும். வீட்டு லைனிலிருந்து ஒரே ஒரு பயனராக ஓட்டிப் பார்ப்பதும் நல்லதுதான், கம்பத்தில் (கிராமத்தில்) இருக்கும் அக்காவுக்குப் பக்கம் எப்படித் திறக்கும் என்று தெரியும். அந்த அறுபத்திரண்டால்தான் போஸ்டர் கனம் என்பதே எங்களுக்கு உறைத்தது. சுருக்கி 45 கேபி ஆக்கினோம்.

விருந்துக் கணக்கு கடைசியில் இப்படி: 800 பேரும் முதல் நிமிடத்திலேயே வந்து ஆளுக்குப் பத்துக் கோரிக்கை போட்டாலும் விநாடிக்கு 133. சர்வர் 3,400 தாங்கும். இதை ஏற்பாட்டுக் குழுவிடம் விளக்கத் தம்பி தாளோடு போனான். தலைவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் சரி தம்பி, மேடைக்கு முன்னாடி இருக்கிற ஒன்றாம் நம்பர் மேசையை யாருக்கும் விடாம பூட்டி வைக்க முடியுமா?"