மொஸ்கிட்டோ மரக் கிட்: கட்டலாம், கையேட்டுக் கதையை மட்டும் நம்பாதீர்கள்

தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிறு பட்டறை ஒன்று லேசரில் வெட்டி விற்கும் 1/24 அளவு மொஸ்கிட்டோ, அதாவது இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் கிட் இது. விலை 2,850 ரூபாய். அசல் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 16.51 மீட்டர் என்பதால், கட்டி முடித்தால் 69 செ.மீ. அகலம் வரும். சுவர் அலமாரியில் அடங்காது, தனி மேசை வேண்டும்.

மர விமானத்தை மரத்திலேயே கட்டச் சொல்வது அருமையான யோசனை. 1940 நவம்பர் 25 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் முதலில் பறந்த அசலில், பிர்ச் பிளைவுட்டுக்கு நடுவே பால்சா வைத்து ஒட்டி, உடலை இடது, வலது என்று இரண்டு பாதியாகச் செய்தார்கள். உள்ளே கம்பிகளையும் கருவிகளையும் பொருத்திய பிறகே பாதிகளை மூடினார்கள். கிட்டும் அதே வரிசையில் போகிறது. விமானி அறைக்கு வண்ணம் பூசாமல் பாதிகளை மூடிவிடாதீர்கள். பிறகு பிரஷ் நுழையாது.

கோளாறு கையேட்டில்தான். இந்தியப் பருவமழையில் பசை கரைந்து இறக்கைகள் பிய்ந்து விழுந்தன என்று அது அடித்துச் சொல்கிறது. 1944 கடைசியில் இந்தியாவில் மொஸ்கிட்டோக்கள் அடுத்தடுத்து விழுந்தது உண்மை. இறக்கையின் மேல்தோல் ஸ்பாரை (இறக்கை நெடுக ஓடும் முதன்மைக் கட்டை) விட்டுத் தூக்கிக்கொண்டதும் உண்மை. பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசையின் மேல் முதலில் சந்தேகம் விழுந்தது. விமானத்தைத் தயாரித்த டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் ஹெர்வர்ட் டி ஹாவிலண்ட் தலைமையில் வந்த குழு, பசை கெடவில்லை, ஈரக் காலத்தில் மரச் சட்டகம் சுருங்கியதே காரணம் என்றது. அதற்குப் பிந்தைய விசாரணை இன்னும் நேராகப் பேசியது: ஒட்டிய வேலையே சரியில்லை. மழையையோ கரையானையோ பார்க்காத விமானங்களிலும் அதே குறை இருந்தது. பிறகு இறக்கை நெடுகத் தோல் இணைப்பின் மேல் பிளைவுட் பட்டை ஒட்டித் தண்ணீர் புகாமல் அடைத்தார்கள்.

இதை இவ்வளவு சொல்லக் காரணம், இந்தக் கிட்டும் அதே இடத்தில்தான் பிரிகிறது. ஸ்பார், விலா எனும் குறுக்குச் சட்டங்களின் மட்டத்தைவிட அரை மில்லிமீட்டர் தாழ்வாக வெட்டப்பட்டிருக்கிறது. மேல்தோல் விலாக்களில் உட்கார்ந்துவிடும், ஸ்பாரைத் தொடாது. நடுவில் வெறும் பசைதான் நிற்கும். அது காய்ந்து சுருங்கினால் விட்டுவிடும். ஸ்பார் மேல் 1 மி.மீ. பால்சா பட்டையை ஒட்டி, விலா மட்டத்துக்குத் தேய்த்து இறக்குங்கள். லேசர் கருக்கிய ஓரங்களில் பசை ஊறாது. பழுப்பு போகும்வரை 220 உப்புத்தாள் போட வேண்டும். கையேடு சொல்லும் 20 நிமிடம் டெல்டாவின் ஐப்பசி ஈரத்தில் எந்த மூலைக்கும் போதாது. பாரம் வைத்து ஒரு முழு நாள் விடுங்கள். அம்மிக் குழவியை நேராக வைத்தால் பால்சா நசுங்கும், இடையில் தட்டையான பலகை ஒன்று போடுங்கள்.

2 மி.மீ. பால்சாத் தோலில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளைப் பசை பட்டால் படகுபோல வளையும். பசை தடவும்போதே மறுபக்கத்தை ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் அடங்கும். உடன் வரும் பசைப் பாக்கெட்டுக்குப் பதில் ஃபெவிகால் மரைன் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபெவிக்விக் வேண்டாம், ஈரக் காற்றில் சட்டென்று பிடித்து, சுற்றிலும் வெள்ளைப் புகைபோலப் படியும். மழை நாளில் என்.சி. லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் மேற்பூச்சு) அடித்தாலும் மேற்பரப்பு வெளுக்கும். தை பிறந்த பிறகு அடியுங்கள். அதற்குமுன் மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் இரண்டு கோட், நடுவில் 320 தாள்.

கையேட்டில் வேறு கதைகளும் உண்டு. மரம் என்பதால் ரேடாருக்கே தெரியாது என்கிறது. இரண்டு மெர்லின் எஞ்சின்களும் உலோகம்தானே? எதிரொலி வரத்தான் செய்தது. அதைக் காப்பாற்றியது வேகமும் உயரமும். தொடக்கத்திலிருந்தே 4,000 பவுண்டு குண்டு சுமந்தது என்பதும் தப்பு. 1,000 பவுண்டுக்கு வடிவமைத்து, குண்டின் வாலைக் குறுக்கி 2,000 ஆக்கினார்கள். 1944இல், குண்டறைக் கதவைப் புடைக்கச் செய்த பிறகே 4,000. ஆனால் 1943 ஜனவரி 30 அன்று பட்டப்பகலில் பெர்லின் மேல் பறந்து ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோயரிங்கின் வானொலி உரைக்கு இடையூறு செய்ததாகச் சொல்வது நடந்த சம்பவம்.

பெட்டியில் கண்ணாடி மூக்கோடு நான்கு பீரங்கிக் குழல்களும் தருகிறார்கள். இரண்டையும் சேர்த்து ஒட்டாதீர்கள். கண்ணாடி மூக்குள்ள குண்டுவீச்சு வகையில் துப்பாக்கியே கிடையாது. பீரங்கி இருந்தது மூடிய மூக்குள்ள சண்டை வகையில். மூடிய மூக்கு பெட்டியில் இல்லாததால் குழல்களை ஒதுக்கிவிடுங்கள்.

வெட்டு சுத்தம், பால்சா நல்ல ரகம், விலை நியாயம். உதிரி பால்சாத் தகடு மட்டும் வைப்பதில்லை. வாங்கும்போதே 2 மி.மீ.யில் ஒன்றும் 1 மி.மீ.யில் ஒன்றும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பார் பட்டைக்கு 1 மி.மீ. கட்டாயம் வேண்டியிருக்கும்.