குவாடா, சைடு-பை-சைடா? அமெரிக்கப் பொது நிலத்துக்கு எதை எடுப்பது

யூட்டாவின் மோவாப் பக்கமோ கலிபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளுக்கோ போகிறவர்கள் வாடகைக் கடையில் முதலில் விசாரிப்பது, குவாடா (மோட்டார் சைக்கிள் மாதிரி கால் இருபுறமும் போட்டு ஓட்டும் நான்கு சக்கர வண்டி), சைடு-பை-சைடா (கார் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகும் கரடுமுரடுப் பாதை வண்டி), எது வேகமாகப் போகும் என்றுதான். பாதை எவ்வளவு அகலம், கூட வருபவர்களில் சின்னவர் யார் என்ற இரண்டையும் வைத்துத்தான் வண்டியை முடிவு செய்ய வேண்டும்.

முதலில் பாதை. வனத்துறை நிலங்களில் 2005ஆம் ஆண்டு விதிப்படி, எந்த வழியில் எந்த வண்டி போகலாம் என்று காட்டும் வரைபடத்தை இலவசமாகவே தருகிறார்கள். அதில் இல்லாத வழியில் ஓட்டினால் சட்டப்படி தப்பு. பல பாதைகள் 50 அங்குல அகலத்துக்குள் அடங்கும் வண்டிகளுக்கு மட்டும்தான். குவாட் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும், சைடு-பை-சைடில் பல 60 அங்குலத்தைத் தாண்டும். கொஞ்சம் ஓரமாக ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். மோவாப் பாலைவனத்து மண்ணின் மேல் கருப்பாகப் படர்ந்திருக்கும் உயிருள்ள மேலோடு ஒரு டயர் ஏறினாலே நொறுங்கிவிடும், பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

குறுகிய பாதைக்குக் குவாட்தான் என்றாலும் அது ஓட்டுபவரிடம் நிறைய கேட்கும். மேட்டில் முன்னால் சாய வேண்டும், திருப்பத்தில் உள்பக்கமாக எடையை மாற்ற வேண்டும், உடம்பும் வண்டியோடு சேர்ந்து வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒருவருக்கான குவாடில் பின்னால் இன்னொருவரை ஏற்றினால் அந்த அசைவு முடங்கிப்போகும், வண்டி கவிழ்ந்தால் இருவர் மேலும் விழும். தார் சாலையிலும் ஓட்டாதீர்கள். காற்றழுத்தம் குறைந்த அந்தக் கொழுத்த டயர்கள் தாரைக் கவ்விப் பிடிப்பதால் திருப்பத்தில் சட்டென்று புரண்டுவிடும். 16 வயதுக்குக் கீழே பெரியவர்களுக்கான குவாட் வேண்டவே வேண்டாம்.

சைடு-பை-சைடில் ஸ்டீயரிங், பெடல், சீட் பெல்ட், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு எல்லாம் உண்டு. கார் ஓட்டிப் பழகியவருக்கு இது சுலபம், குடும்பமாகப் போகிறவர்களுக்கு என் ஓட்டும் இதற்கே. ஆனால் பெல்ட் போடாவிட்டால் கூண்டு இருந்தும் பயனில்லை. வண்டி சாயும்போது எல்லாருக்கும் கை தானாகத் தரையை நோக்கி நீளும், கூண்டின் கம்பி அந்தக் கையின் மேல்தான் வந்து இறங்கும். பக்கவாட்டு வலையைக் கொக்கி மாட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது இதனால்தான். குழந்தை முதுகை இருக்கையில் ஒட்டி உட்காரும்போது இரண்டு பாதங்களும் கீழே பதியவில்லை என்றால், எவ்வளவு அழுதாலும் ஏற்றாதீர்கள்.

அப்புறம், சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். யூட்டாவில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். அங்கே 2023 முதல் பொது நிலத்தில் தாமாக ஓட்டப்போகிற பெரியவர்களும் பாதுகாப்புப் படிப்பை ஆன்லைனில் முடித்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் சைடு-பை-சைடில் இருக்கும் அத்தனை பேரும் ஹெல்மெட் போட வேண்டும். இம்பீரியல் மேடுகளில் எந்த வண்டியானாலும் தரையிலிருந்து 8 அடி உயரத்தில் கொடி பறக்க வேண்டும், மேட்டின் அந்தப் பக்கம் ஏறி வருபவருக்கு முதலில் தெரிவது அதுதான். கொடி இல்லாத வண்டியைக் கடைக்காரர் நீட்டினால் வேறு கடை பாருங்கள்.