ஒரே 50 எம்எம் லென்ஸ், இரண்டு பாடி: நிக்கான் எஃப்எம்2-வும் டி750-யும்

பிலிமா டிஜிட்டலா என்று பேச்சு வந்தாலே லென்ஸ் வேறு, வெளிச்சம் வேறு, எடுத்த ஊர் வேறு என்று ஒப்பீடு எங்கெங்கோ போய்விடுகிறது. என்னிடம் இருக்கும் நிக்கான் 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் (வெளிச்சம் நுழையும் துளையைக் கையாலேயே மாற்றும் வளையம்) உண்டு. அதனால் 1982-ல் வந்த பிலிம் கேமரா எஃப்எம்2-விலும் 2014-ல் வந்த டிஜிட்டல் கேமரா டி750-யிலும் அதையே மாட்டலாம். இரண்டையும் தூக்கிக்கொண்டு மரக்காணம் உப்பளத்துக்குப் போனேன்.

உச்சி வெயில், கண் எட்டிய வரை உப்புப் பாத்தி, வெள்ளைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு உப்பு வாரும் பெண்கள். கேமராவைச் சோதிக்க இதைவிடக் கடினமான இடம் எனக்குத் தெரியாது. டி750-யில் முகம் சரியாகத் தெரியும்படி எடுத்தால் சட்டையும் உப்புக் குவியலும் எரிந்து வெறும் வெள்ளையாகிவிடுகின்றன. சென்சாரில் ஒரு புள்ளி நிரம்பிவிட்டால் அவ்வளவுதான், அதற்கு மேல் விழும் வெளிச்சத்துக்கு அங்கே இடமில்லை. வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, ரா பைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் பைல்) நிழலை மட்டும் தூக்கலாம். அதையும் செய்து பார்த்தேன், நன்றாகவே வருகிறது. ஆனால் எஃப்எம்2-வில் கோடக் கோல்டு 200 போட்டு, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் திறனின் எண்) 100-ல் வைத்து, முகத்தின் வெளிச்சத்தைக் கேமரா மீட்டரில் அளந்து ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், தாராளமாகவே எடுத்தேன் அல்லவா, அந்த நெகட்டிவில் சட்டை மடிப்பும் தெரிகிறது, உப்பின் பொரியும் தெரிகிறது, வெயில் பட்ட கன்னத்திலிருந்து நிழல் கன்னத்துக்கு நிறம் மெல்ல மெல்ல இறங்குகிறது. கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தை அப்படித் தாங்கும். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பிலிம்தான்.

சாயங்காலம் வெளிச்சம் இறங்கியதும் கதை தலைகீழ். 200 ஐஎஸ்ஓ பிலிம் குறை வெளிச்சத்தில் ஒன்றையும் பிடிக்காது, நிழல் சேறு மாதிரி கலங்கிவிடும். குடிசைக்குள் விளக்கொளியில் டி750-யை ஐஎஸ்ஓ 6400-ல் வைத்து எடுத்த படங்களைத் தயங்காமல் பிரிண்ட் போடலாம்.

அப்புறம், ஒரு அக்கா "எப்படி வந்திருக்குன்னு காட்டு தம்பி" என்று கேட்டபோது டிஜிட்டலில் உடனே காட்ட முடிந்தது, அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவும் முடிந்தது. பிலிம் படத்தை அவர் பார்க்க மூன்று வாரம் ஆனது, அதுவும் நான் பிரிண்ட் போட்டு மறுபடி எடுத்துப் போனதால்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ரோல், கழுவுவது, ஸ்கேன் எல்லாம் சேர்த்து எனக்கு 1,500 ரூபாய் ஆனது, 36 படத்துக்கு. ஒரு கிளிக் நாற்பது ரூபாய்க்கு மேல். போதாக்குறைக்கு முதல் ரோலில் லேப்காரர்கள் நெகட்டிவ் நெடுகக் கீறல் போட்டுக் கொடுத்தார்கள், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஒரு காலத்தில் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்தது, அது மூடியதை நினைத்தால் இந்த விலை இன்னும் வலிக்கிறது.

கல்யாணம், விழா என்று காசு வாங்கிக்கொண்டு எடுப்பவர்கள் டி750 மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெயிலில் மனிதர்களை எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு எஃப்எம்2. பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான், அது தீர்ந்தாலும் 1/4000 நொடி வரை எல்லா வேகத்திலும் ஷட்டர் ஓடும்.

பழையதுதான் கிடைக்கும் என்பதால் வாங்கும்போது பின்மூடியைத் திறந்து வெளிச்சம் கசியாமல் தடுக்கும் ஓரத்து ஃபோம் கையில் பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள், பிசுபிசுத்தால் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ரோல் போட்டதும் லீவரைத் தள்ளும்போது இடப்பக்கக் குமிழும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் பிலிம் பல்லில் மாட்டவில்லை. நான் அதைக் கவனிக்காமல் ஒரு ரோல் முழுக்க, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை, எடுக்காமலே எடுத்திருக்கிறேன்.